ஏழு வரியும் ஒரு டப்பா வார்னிஷும்

ஏழே ஏழு வரியை அழிக்க அரசாங்கம் ஒரு ஜீப், ஒரு அதிகாரி, ஒரு போலீஸ்காரர், ஒரு டப்பா கறுப்பு வார்னிஷ், இரண்டு பிரஷ் எல்லாம் அனுப்பிவைத்தது. இத்தனையில் ஜீப் ஒன்றுதான் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்று அச்சு அறையில் இன்றைக்கும் பேச்சு.

அச்சு அறை பார்வையற்றோர் பள்ளியின் பின்கட்டில் இருக்கிறது. கல்வி அலுவலகம் போடும் பாடப் புத்தகம் எதுவானாலும் இங்கே வந்து பிரெய்ல் புத்தகமாக மாறும். அதாவது கண்ணால் படிக்கிற எழுத்து, விரலால் படிக்கிற புள்ளியாக மாறும். துத்தநாகத் தகட்டில் புள்ளி குத்துகிற ஆளுக்கு இரும்பு என்று பட்டப்பெயர். எந்த எந்திரம் நின்றாலும் முதலில் ஒரு அடி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்று யோசிப்பார். பார்வை உள்ளவர். அவர் குத்திய தகட்டை வாங்கி, மேலிருந்து கீழே விரல் ஓட்டி, தப்பான புள்ளியைச் சின்னச் சுத்தியால் தட்டிச் சமப்படுத்துவது புள்ளியக்காவின் வேலை. அவள் சரி என்றால்தான் தாள் ஓடும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "எனக்கு ஏற்கெனவே நூத்தி இருபது புள்ளைங்க, இதுல ஒரு பெரிய புள்ளையையும் சேத்து எவ மேய்ப்பா" என்பாள். வாய் நீளம். அக்கா திட்டவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பரீட்சைக்கு முந்தின நாள் விடுதிக்குப் போய், ஒவ்வொரு பிள்ளையின் விரல் நுனியிலும் வாஸ்லின் தடவிவிடுவாள். "வெரல் காஞ்சா எழுத்தும் காஞ்சுடும், கழுதைங்களா" என்று திட்டிக்கொண்டேதான் தடவுவாள். திட்டு காதில் விழும், தடவல் யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்த ஏழு வரி இருந்தது பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில். எட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கொஞ்சம் முதுகெலும்புள்ளவர்கள் சேர்ந்து எழுதிய புத்தகம். இதே ஊரில் நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றி அதில் இப்படி இருந்தது:

'கூலி உயர்வு கேட்டு ஆலை வாசலில் அமர்ந்திருந்த தொழிலாளர்கள் மீது காவல்துறை முன்னறிவிப்பின்றிச் சுட்டது. பதினாறு பேர் இறந்தனர். உடல்கள் இரவோடு இரவாக வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. இறப்புச் சான்றிதழ்களில் வேறு காரணங்கள் எழுதப்பட்டன. சுட உத்தரவிட்டவர் யார் என்பது இன்றுவரை வெளியிடப்படவில்லை.'

பதினாறில் ஒன்று அக்காவின் அப்பா. தறியில் இருந்தவர். அப்போது அக்காவுக்கு ஒன்பது வயது. போர்வையால் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். கூட வந்தவர்கள் காய்ச்சல் என்றார்கள். அம்மாவை அழக்கூட விடாமல் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வாங்கினார்கள். எல்லாரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த ஒன்பது வயசுக்காரி போர்வைக்குள் கைவிட்டு அப்பாவைத் தடவிப் பார்த்தாள். இடது தோளுக்குக் கீழே ஒரு ஓட்டை. அவள் சுட்டுவிரல் நுனி அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"அம்மா, அப்பாவுக்கு ஓட்டை இருக்கு" என்றாள்.

"காய்ச்சல்டி" என்றாள் அம்மா. சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாசலில் பூட்ஸ் கால்கள் நின்றுகொண்டிருந்தன. அண்ணனுக்கு அதே ஆலையில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லே மருந்துக்கும் வராமல் போயிற்று. யாருக்காவது உடம்பு சுட்டால்கூட "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

முப்பத்துநாலு வருஷம் கழித்து ஒரு நாள், இரும்பு குத்தித் தந்த தகட்டில் விரல் ஓட்டிக்கொண்டே வந்த அக்கா 'பதினாறு பேர்' என்ற இடத்தில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவள் அப்பா சுடப்பட்டுத்தான் செத்தார் என்று அரசாங்கத்தின் தாள் ஒன்று முதல்முறையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. தப்பு ஒன்றும் இல்லை, தாள் ஓட்டு என்றாள். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. இரும்பு பயந்துபோய் மாத்திரை வாங்கி வந்தார்.

இப்போது ஆட்சியில் இருப்பவர்களுக்கு அந்த ஏழு வரி அரித்தது. எல்லாப் பள்ளிக்கும் உத்தரவு போனது. 'பக்கம் எண்பத்தேழு, நான்காம் வரி முதல் பத்தாம் வரி முடிய, கறுப்பாக்கப்பட வேண்டும்.' மற்ற பள்ளிகளில் ஆசிரியர்களே உட்கார்ந்து கறுப்பு மையை இழுத்துவிட்டார்கள். பார்வையற்றோர் பள்ளிக்கு மட்டும் கல்வி அலுவலக அதிகாரியே நேரில் வந்தார்.

அதிகாரி புத்தகத்தை விரித்தார். திருப்பினார். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க இது, வெறும் வெள்ளைத் தாளா இருக்கு? எழுத்து எங்க?"

"புள்ளியா இருக்குதே, அதான் சார்" என்றாள் அக்கா.

"எந்த எடம்னு காட்டுங்கம்மா."

அக்கா காட்டினாள். கொஞ்சம் தள்ளி, சாலை போட்ட பெருமையைச் சொல்லும் பத்தியைக் காட்டியிருக்கலாம். மனசு அரிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குத் தேவையே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அச்சில் ஏழு வரி, புள்ளியில் பதினோரு வரி. ஆரம்பமும் முடிவும் விரல் வைத்துச் சுத்தமாகக் காட்டினாள். தலைமை ஆசிரியை, பிள்ளைகள் வாயில் பெரிய டீச்சர், "சார், ஆனா இது..." என்று ஆரம்பித்தார். அக்கா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

"உத்தரவுல என்ன சார் போட்டிருக்கு?"

"கறுப்பாக்கணும்னு."

"அப்ப கறுப்பாக்குங்க சார். உத்தரவை மீற நாங்க யாரு?"

முப்பத்தெட்டு பிரதி. மை அலுவலகத்தில் தீர்ந்துபோனதால் பெயர்ப் பலகைக்குப் பூசுகிற வார்னிஷைக் கொண்டுவந்திருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பொம்மைக்கு மை தீட்டுகிற கவனத்தோடு, மதியம்வரைக்கும் பூசினார். போலீஸ்காரர் லத்தியோடு வாசலில் நின்றார். நடையில் போன பிள்ளைகளின் வெள்ளைக் குச்சி இரண்டு முறை அந்த லத்தியில் இடித்தது.

"வழியில என்னமோ குச்சி இருக்கு அக்கா."

"அது அரசாங்கக் குச்சி. நம்ம குச்சி வழி தேட, அது வழி மறிக்க. சுத்திக்கிட்டுப் போங்க."

'நீக்கம் முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டு ஜீப் கிளம்பிய பிறகு, இரும்பு எந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடிக்கவே ரொம்ப நேரம் ஆனது. அக்கா சிரிக்கவில்லை. பிசுபிசுப்பு காயட்டும் என்று காத்திருந்து, சாயங்காலம் ஒரு புத்தகத்தை எடுத்துத் தடவினாள். வார்னிஷ் காய்ந்து புள்ளிகள் முன்னைவிடக் கெட்டியாக நின்றன. மற்ற பக்கங்களெல்லாம் நாலு வருஷத்தில் தேய்ந்துவிடும். இது நாற்பது வருஷம் தாங்கும்.

பிள்ளைகளுக்கு அடுத்த நாளே தெரிந்துவிட்டது. சொரசொரத்த புத்தகத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்தால் விரல் சும்மா இருக்குமா? அதுவரைக்கும் அந்தப் பாடத்தை ஒருத்தரும் சீந்தியதில்லை. இப்போது அதற்கு வழவழப் பாடம் என்று பெயர். முப்பத்தெட்டு புத்தகத்தையும் நூற்றிருபது பேர் அடித்துப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூட ஒப்பித்தன. அதிகாரிக்கு வார்னிஷ் என்று பெயர் விழுந்தது.

இதுவரைக்கும் வேடிக்கை. அதற்குப் பிறகு பொதுப் பரீட்சை வந்தது.

பிள்ளைகள் வாயால் சொல்லச் சொல்ல, வெளிப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்து எழுதுவது வழக்கம். 'ஆலைத் தொழிலின் வளர்ச்சி பற்றி எழுதுக' என்று ஒரு கேள்வி. பதினாலு பேர் பரீட்சை எழுதினார்கள். பதினாலு பேரும் வழவழப் பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள். எழுத வந்தவர்கள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே எழுதினார்களாம். ஒருத்தி மட்டும் "இதை நான் எழுத மாட்டேன்" என்றாளாம். "நீங்க எழுதத்தானே வந்தீங்க, யோசிக்க நான் வந்திருக்கேன்" என்று பதில் வந்ததாம்.

அடுத்த மாதம் எல்லாருக்கும் முடிவு வந்தது. பதினாலு பேருக்கு மட்டும் 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது'.

அந்தப் பதினாலில் ஒருத்திக்கு, பள்ளியில் பாட்டுக்காரி என்று பெயர், தொலைபேசி ஆபரேட்டர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அவள் அச்சு அறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் சொன்னது தப்பா?"

"தப்பா இருந்தா மார்க்கைக் குறைச்சிருப்பாங்கடி. சரியா இருக்கு, அதான் நிறுத்திவச்சிருக்காங்க."

அவளை அனுப்பிவிட்டு அக்கா சுத்தியை எடுத்து வெறும் மேசையை நாலு அடி அடித்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் பாதி வார்னிஷ் மேல். மீதி தன் மேலேயே. உத்தரவைப் பார்த்து நக்கல் செய்தது இவள்; அடி வாங்குவது பிள்ளைகள். துப்பாக்கி வைத்திருக்கிறவனிடம் விளையாடினால் பக்கத்தில் நிற்கிறவன்தான் சாவான் என்று இவளுக்குத் தெரியாதா என்ன? அப்பா அன்றைக்கு ஆலை வாசலில் உட்கார்ந்துதான் இருந்தார். எழுந்துகூட நிற்கவில்லை.

ராத்திரி அண்ணன் போன் செய்தார். ஊரெல்லாம் பேச்சாகியிருந்தது.

"உனக்கு ஏன் தங்கச்சி இந்த வம்பு? அவங்க சொல்றதைச் செஞ்சுட்டுப் போயேன். அப்பா செத்து நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

"எப்படிச் செத்தாருண்ணே?"

அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சொல்லேன். போன்ல பூட்ஸ் சத்தம் ஒண்ணும் கேக்கலையே."

"புள்ளைங்க வாழ்க்கை முக்கியமா, ஏழு வரி முக்கியமா?" என்றார் அண்ணன். அது நியாயமான கேள்விதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறதுதான் அவர்களுடைய முழு வேலையும். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜீப் மறுபடி வந்தது. அதிகாரியின் குரலில் அன்றைக்கிருந்த கனிவு இல்லை.

"வார்னிஷ் அடிச்ச எடத்தை எப்படிம்மா படிச்சாங்க?"

"இவங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒண்ணுதானே சார்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை. கறுப்பாக்கணும்னீங்க, கறுப்பாச்சு."

போலீஸ்காரருக்கு இருமல் வந்தது. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரல் மடக்கிச் சொன்னார். முப்பத்தெட்டு புத்தகத்திலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும். தகட்டில் அந்த வரிகளைச் சமப்படுத்த வேண்டும். இந்த அச்சு அறையிலிருந்து வெளியூர்ப் பள்ளி, நூலகம் என்று முப்பத்தோரு இடத்துக்குப் புத்தகம் போயிருக்கிறது. அங்கேயும் அந்த வரிகள் போயாக வேண்டும். எல்லாம் முடிந்தது என்று அவர் எழுதினால்தான் பதினாலு முடிவும் வெளியாகும்.

"வெளியூருக்கெல்லாம் நான் ஜீப்ல அலைய முடியாது. அதுக்கு உங்ககிட்ட ஏதாவது முறை இருக்கா?"

அக்கா இழுப்பறையிலிருந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இருக்கு சார். திருத்தச் சீட்டு. தகட்டுல எதை மாத்தினாலும், புத்தகம் போன எடத்துக்கெல்லாம் ஒரு சீட்டு அனுப்புவோம். எந்தப் பக்கம், எந்த வரின்னு பாத்து அவங்களே அழிச்சுக்குவாங்க. இருபத்தாறு வருஷமா அதான் வழக்கம். உங்க கையெழுத்தும் முத்திரையும் மட்டும் வேணும்."

"அப்ப அதையே செய்யுங்க."

"செய்றேன். ஆனா தகட்டை நான்தான் அடிப்பேன். வேற யார் அடிச்சாலும் பக்கத்து வரி கெட்டுடும்."

தகட்டைக் கொண்டுவந்து வைத்தார் இரும்பு. அக்கா இடது கையால் ஒரு எழுத்தைத் தடவினாள், வலது கையால் அடித்தாள். அடுத்த எழுத்தைத் தடவினாள், அடித்தாள். பதினோரு வரி. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடித்தாள். 'கூலி.' டங். 'உயர்வு.' டங். 'கேட்டு.' டங்.

"படிச்சுக்கிட்டே ஏம்மா அடிக்கிறீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"எதை அழிக்கிறோம்னு தெரிஞ்சுதான் சார் அழிக்கணும். உங்க வேலையில அது தேவைப்படாது போல."

'பதினாறு' வந்தபோது சுத்தி கொஞ்சம் நின்றது. பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இடத்தை மட்டும் அக்கா தேவைக்கு மேலே அடித்தாள், தகடே குழிந்துவிட்டது. அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. 'வேறு காரணங்கள்' என்று சொல்லும்போது அவள் குரல் அறைந்த மாதிரி இருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிச் சொல்லும் போனதும், "தொட்டுப் பாருங்க சார், சமமா இருக்கா?" என்று தகட்டைத் தள்ளினாள். அவர் தொடவில்லை. கண்ணாலேயே பார்த்துத் தலையாட்டினார். தலையாட்டினது அவளுக்குத் தெரியாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு முப்பத்தெட்டு பக்கத்தைக் கிழித்து வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா திருத்தச் சீட்டுக்கான சின்னத் தகட்டைத் தானே உட்கார்ந்து குத்தினாள். சீட்டில் எப்போதும் உள்ள தலைப்புகள்தான்: புத்தகம், பக்கம், நீக்க வேண்டியது, சேர்க்க வேண்டியது, காரணம். மற்ற நாளில் அதில் ஒரு எழுத்தோ ஒரு புள்ளியோதான் இருக்கும். இன்றைக்கு ரொம்ப நேரம் குத்தினாள். இரும்பு முப்பத்தோரு சீட்டு ஓட்டினார். முதல் சீட்டைக் கையில் எடுத்த பெரிய டீச்சருக்குக் கண்ணாலேயே புள்ளி படிக்கத் தெரியும். படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டு அதிகாரி பக்கம் நகர்த்தினார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்றார் அதிகாரி.

"நீக்க வேண்டிய வரிகள் சார்."

"இவ்வளவா?"

"முழுசாப் போட்டாத்தான் சரியா அழிப்பாங்க. இல்லன்னா பக்கத்துல உள்ள நல்ல வரியை அழிச்சுட்டா யார் பொறுப்பு?"

யார் பொறுப்பு என்று கேட்டால் எந்த அதிகாரியும் அதற்கு மேல் பேசமாட்டார். முப்பத்தோரு கையெழுத்தும் போட்டார். போலீஸ்காரர் முத்திரையை மையில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தார்.

"இன்னிக்கே அனுப்பிடுங்க."

"தபால் பை நிறைஞ்சதும் போகும் சார்."

பை நிறைய ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள்தான் பதினாலு முடிவும் வெளியானது. பதினாலு பேரும் தேறியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லாருக்கும் சைபர். பாட்டுக்காரி சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து அக்காவின் கையில் வைத்தாள். "சைபர் வாங்கிட்டு இளிப்பு வேற" என்று திட்டிக்கொண்டே அக்கா அதை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது, வெறும் அச்சுத் தாள்.

பத்தாம் நாள் காலை அவளே தபால் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். ஒவ்வொரு சீட்டிலும் அந்த ஏழு வரி முழுசாக இருந்தது, அரசாங்க முத்திரையோடு. சேர்க்க வேண்டியது என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை'. காரணம் என்ற இடத்தில் அக்கா ஒரே சொல்லைக் குத்தியிருந்தாள்: 'காய்ச்சல்'.

அப்பா திரும்பி வரப்போவதில்லை. தகடு குழிந்தது குழிந்ததுதான். அடுத்த வருஷம் ஓடுகிற புத்தகத்தில் அந்த இடம் மொட்டையாக இருக்கும், புதிதாக வருகிற பிள்ளை அதைத் தடவிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல் நறநறக்கும். வார்னிஷின் கையெழுத்தைக் கேலி செய்து இரும்பு சிரித்தபோது, "சிரிக்காத, ஜெயிச்சது அவன்" என்று எரிந்து விழுந்தாள்.

ஒரு மாதத்தில் முப்பது இடத்திலிருந்து 'சீட்டு கிடைத்தது' என்று பதில் வந்தது. முப்பத்தோராவது பதில் எங்கோ தொலைவில் உள்ள ஒரு நூலகத்திலிருந்து, புள்ளி எழுத்தில் வந்தது. யார் எழுதினார்கள் என்று இல்லை. அக்கா விரல் ஓட்டினாள்.

'தங்கள் சீட்டு கண்டோம். குறிப்பிட்ட வரிகள் எங்கள் பிரதியில் பலர் படித்துப் படித்து ஏற்கெனவே தேய்ந்துவிட்டன. எவற்றை நீக்குவது என்று தெளிவாகத் தெரியவில்லை. உத்தரவைச் சரியாக நிறைவேற்றும் பொருட்டு, வாசகர்களுக்கு ஆளுக்கொன்றாக மேலும் நாற்பது சீட்டுகள் அனுப்பவும். இங்கேயும் சில வீடுகளில் அதே காய்ச்சல்.'

அக்கா கடைசி வரியை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து சீட்டுத் தகட்டை எடுத்தாள். அதை அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்கவில்லை.

"யோவ் இரும்பு, எந்திரத்தைப் போடு."

"எத்தனைக்கா?"

"நாப்பது கேட்டிருக்காங்க. தாள் தீர்ற வரைக்கும் ஓட்டு."